விலை உறைக்குள் வராத செலவு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவருக்குக் கட்டுப் போட வரும் தாதியையோ, முதியவரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட வரும் பணியாளரையோ அரசு நேரடியாக வேலைக்கு வைத்திருப்பதில்லை. பணம் அரசுடையது. யாருக்கு எவ்வளவு சேவை என்று தீர்மானிப்பதும் அரசுப் பணத்தில் இயங்கும் ஓர் அமைப்புத்தான். ஆனால் கதவைத் தட்டுகிறவர், இலாப நோக்குள்ளதோ அற்றதோ, ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர். அந்த நிறுவனம் எப்படித் தெரிவு செய்யப்படுகிறது என்ற கேள்வி, வழக்கமாக வரும் முகம் ஒரு நாள் வராமல் போகும்வரை எவருக்கும் எழுவதில்லை. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அந்தத் தெரிவு போட்டிக் கேள்விப்பத்திரம் கோரி, அதாவது டெண்டர் விட்டு, நடந்தது. அக்காலத்தில் ஸ்காபரோவில் அப்படியான ஒரு நிறுவனத்தில், எந்தப் பணியாளர் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று அட்டவணை போடும் வேலையில் நான் இருந்தேன். பிற்பாடு கேள்விப்பத்திரங்களுக்குப் பதில் தயாரிக்கும் குழுவிலும் என்னைச் சேர்த்தார்கள். அந்த இரண்டு மேசைகளிலும் இருந்து பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: போட்டியில் விலையை எழுதினோம், தரத்தை எழுதினோம், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொறுப்பு மாறுவதற்கு ஆகும் செலவை எவரும் எழுதவில்லை. எழுதப்படாத அந்தச் செலவு நோயாளியின் வீட்டிலும் பணியாளரின் சம்பளத்திலும் போய் விழுந்தது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கனடாவில் வைத்தியசாலைச் சேவையும் வைத்தியர் சேவையும் 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. வீட்டுப் பராமரிப்பு அச்சட்டத்தில் விரிவாக்கப்பட்ட சுகாதாரச் சேவைகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறதே தவிர, அதை எல்லாருக்கும் இலவசமாக வழங்கியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை மாகாணங்களுக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு மாகாணமும் தன் வழியில் போயிற்று. மனிற்றோபா 1974இல் மாகாணம் முழுவதற்குமான பொதுத் திட்டமொன்றைத் தொடங்கி, பணியாளரைப் பொதுத்துறை ஊழியராகவே வைத்துக்கொண்டது. ஒன்ராறியோவோ ஏற்கெனவே களத்தில் இருந்த பழைய தொண்டு நிறுவனங்களிடமிருந்து சேவையை வாங்கியது. 1897இல் தோன்றிய விக்ரோறியா தாதியர் அமைப்பு, 1908இல் ரொறன்ரோவில் தொடங்கிய செயின்ற் எலிசபெத், செஞ்சிலுவைச் சங்கம் என்பவை அவற்றுள் பெரியவை. போட்டி பெரிதாக இல்லை. பேசித் தீர்த்த கட்டணத்தில் வேலை நடந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு வட்டாரத்தில் சேவை நன்றாக இருந்ததென்றால் அங்கிருந்த மேற்பார்வையாளர் நல்லவர் என்பதுதான் காரணம். பக்கத்து வட்டாரத்தில் தாதி நேரத்துக்கு வராவிட்டால் முறையிட்டுப் பயன் இருக்கவில்லை. எத்தனை வருகைகள் தவறின, எத்தனை காயங்களில் கிருமி தொற்றியது என்ற கணக்கைக் கேட்பாரும் குறைவு, வைத்திருப்பாரும் குறைவு. போட்டியை ஆதரித்தவர்கள் இந்தச் சோம்பலைச் சுட்டிக்காட்டியபோது அவர்கள் பொய் சொல்லவில்லை.

பொப் றே தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி அரசு 1994இல் நீண்டகாலப் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு பகுதியிலும் ஒரே கூரையின்கீழ் பல சேவைகளை நேரடியாக வழங்கும் முகவர் நிலையங்களை அமைப்பதாகவும், வெளியிலிருந்து வாங்குவதை 20 வீதத்துக்குள் கட்டுப்படுத்துவதாகவும் திட்டமிட்டது. பழைய தொண்டு நிறுவனங்களே அதை விரும்பவில்லை. தங்கள் அடையாளம் கரைந்துவிடும் என்று அஞ்சின. 1995 யூனில் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் மைக் ஹரிஸ் ஆட்சிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1996இல் சி.சி.ஏ.சி. என்று நாங்கள் எல்லாரும் சொல்லிப் பழகிய சமூகப் பராமரிப்பு அணுகல் நிலையங்கள் 43 அறிவிக்கப்பட்டன. அவை நோயாளியின் தேவையை மதிப்பிடும், சேவைக்கு உத்தரவிடும், ஆனால் தாங்களே சேவை வழங்கமாட்டா. சேவையைப் போட்டி மூலம் வெளியிலிருந்து வாங்கும். வாங்குபவரையும் வழங்குபவரையும் பிரித்து வைக்கும் இந்த எண்ணம் பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நடைமுறைக்கு வந்திருந்தது. 'அதியுயர் தரம், மிகச் சிறந்த விலை' என்பது ஒன்ராறியோ அரசின் சுலோகம். முன்பு ஒதுங்கியே இருந்த இலாப நோக்குள்ள நிறுவனங்களுக்கு அத்தோடு வாசல் அகலத் திறந்தது.

கேள்விப்பத்திரம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் வேறு யோசனைக்கு இடமிருக்காது. பதில்கள் தடித்த கோப்புகளில், பிரிவுக்கொரு நிறத்தாள் வைத்து, கேட்ட வரிசை மாறாமல், கேட்ட எண்ணிக்கையில் பிரதிகளாகப் போகவேண்டும். விலை எழுதிய தாள் தனி உறையில் ஒட்டப்பட்டிருக்கவேண்டும். தரத்துக்கான புள்ளிகள் போட்டு முடிந்த பிறகுதான் அந்த உறை உடைபடும். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பெட்டியை வாங்கமாட்டார்கள் என்பதால் தபாலையோ கூரியரையோ நம்பாமல் எங்கள் ஆட்களே வாகனத்தில் கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவார்கள். கேள்விகள் பொதுவாகவே இருந்தன. 'பராமரிப்பின் தொடர்ச்சியை எவ்வாறு உறுதிசெய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி இருந்தால், அதற்கு அரைப் பக்கம் பதில் எழுதவேண்டும். நல்ல வசனம் எழுதத் தெரிந்தவர் இருக்கும் நிறுவனம் அந்த அரைப் பக்கத்தில் முழுப்புள்ளி வாங்கிவிடும். இருபது வருடமாக அந்தத் தெருக்களில் நடந்து திரிந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்குத் தான் செய்வதை எழுத்தில் வைக்கத் தெரியாவிட்டால் அவருக்குப் புள்ளி இல்லை. மதிப்பீட்டாளர் தனக்கு நேரில் தெரிந்ததைக் கணக்கில் எடுக்கக்கூடாது, தாளில் இருப்பதற்கு மட்டுமே புள்ளி போடவேண்டும் என்பது விதி. ஊழலைத் தடுக்க வந்த விதி அது. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தாளில் எழுதமுடியாத தரம் அந்த விதியாலேயே பெறுமதி இழந்தது.

இன்னொரு விதி இதைவிடச் சங்கடமானது. போட்டி நடக்கும் காலத்தில் சி.சி.ஏ.சி. உடன், அவர்கள் பெயர் குறித்த ஒரே ஓர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பினால் ஒழிய, கேள்விப்பத்திரம் பற்றி எவரும் வாய் திறக்கக்கூடாது. ஆனால் அதே சி.சி.ஏ.சி. ஒருங்கிணைப்பாளர்களோடு நோயாளிகளைப் பற்றி நாளாந்தம் தொலைபேசியில் பேசுவதுதான் என் வேலை. 'இன்னாருக்கு இனி இரண்டு நேர வருகை தேவைப்படும்' என்று சொல்லும்போதே, வேறேதும் கேட்டுவிட்டேனோ என்ற எச்சரிக்கை இரு பக்கமும் இருந்தது. போட்டியாளர்களோடும் உறவு அப்படித்தான் ஆயிற்று. முன்பெல்லாம் நிறுவனங்கள் சேர்ந்து பயிற்சி வகுப்பு நடத்தும், கட்டுப் போடும் புதிய முறையொன்று ஒருவருக்குக் கைவந்தால் மற்றவருக்கும் சொல்லிக்கொடுக்கும். போட்டி வந்தபின் அந்த முறை கேள்விப்பத்திரத்தின் ஏழாம் பிரிவில் எழுதவேண்டிய இரகசியமாகிவிட்டது.

இந்த வேலைகளுக்கெல்லாம் ஆகும் சம்பளம் யார் கணக்கில் சேரும்? ஒரு பக்கம் சி.சி.ஏ.சி. கேள்விப்பத்திரம் எழுதவும், புள்ளி போடவும், சட்டத்தரணிகளிடம் காட்டவும், ஒப்பந்தத்தைக் கண்காணிக்கவும் ஆட்களை வைத்தது. மறுபக்கம் ஒவ்வொரு நிறுவனமும் பதில் எழுத ஆட்களை வைத்தது. தோற்ற நிறுவனங்களுக்கும் அந்தச் செலவு ஆனது. ஒரு வட்டாரத்துக்கு ஐந்து நிறுவனங்கள் போட்டியிட்டால் ஐந்து கோப்புகளுக்கான பணமும் ஈற்றில் அதே பொதுப்பணத்திலிருந்துதான் வரவேண்டும், ஏனென்றால் அந்த நிறுவனங்களுக்கு வருமானத்தின் பெரும்பகுதி வேறெங்கிருந்தும் வருவதில்லை. நிர்வாகச் செலவைக் குறைக்க வந்த முறை நிர்வாகத்தைப் பெருக்கியது என்பது எங்கள் மதிய உணவு மேசையில் பழைய பகிடி.

ஆனாலும் மேலே சொன்னவை சில்லறை விடயங்கள். பெரிய விடயம் ஒப்பந்தம் கைமாறும் நாள்.

வீட்டில் பராமரிப்புப் பெறுகிறவரின் வீட்டிலேயே ஒரு கோப்பு இருக்கும். வரும் தாதி ஒவ்வொரு முறையும் அதில் எழுதிவிட்டுப் போவார். நீரிழிவுக்காரரின் காலில் உள்ள ஆறாத புண்ணையே எடுத்துக்கொள்வோம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து குறிக்கவேண்டும். ஆழத்தை நுனியில் பஞ்சு சுற்றிய கிருமி நீக்கிய குச்சியை உள்ளே விட்டு, தோல் மட்டத்தில் விரலால் பிடித்து, அளவுகோலில் வைத்துப் பார்ப்பார்கள். குச்சியை எந்தக் கோணத்தில் விடுவது, ஓரத்தின் அடியில் குடைந்திருக்கும் பகுதியைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் கைக்குக் கை சிறு வேறுபாடு உண்டு. ஒரே தாதி வாரந்தோறும் அளந்தால் அந்த வேறுபாடு பொருட்டில்லை. போன வாரத்தை விட அரை சென்ரிமீற்றர் குறைந்திருந்தால் புண் உண்மையில் ஆறுகிறது. புதிய நிறுவனத்தின் புதிய தாதி வந்து அளக்கும்போது அரை சென்ரிமீற்றர் கூடியிருந்தால், புண் மோசமாகிறதா, கை மாறியதால் வந்த வித்தியாசமா என்று அவருக்கே தெரியாது. பழைய கோப்பைப் பழைய நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். அது எழுதியனுப்பிய சுருக்கம் தொலைநகலில் வந்து, பாதி எழுத்து மங்கி, எங்கள் தட்டில் மற்றச் சுருக்கங்களோடு கிடக்கும். நல்ல தாதி இரண்டு மூன்று வருகைகளுக்குள் நிலைமையைப் பிடித்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வட்டாரத்தின் நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதத்துக்குள் கைமாறும்போது இந்த இரண்டு மூன்று வருகைகளை அவர்கள் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கவேண்டும். அந்தத் தொகைக்கு விலை உறையில் ஒரு வரி இருந்ததில்லை.

பி.எஸ்.டபிள்யூ. என்று எல்லாரும் அழைக்கும் தனிநபர் ஆதரவுப் பணியாளரின் விடயத்தில் இழப்பு வேறு விதமானது. ஒப்பந்தத்தை இழந்த நிறுவனத்தின் பணியாளர்களை வென்ற நிறுவனமே பெரும்பாலும் வேலைக்கு எடுக்கும்; வேறு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? அதனால் சில வீடுகளில் அதே பெண், அதே நேரத்துக்கு, வேறு நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நோயாளிக்கு மாற்றம் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. அப்படி எங்களிடம் வந்து சேர்ந்த ஓர் அக்கா, படிவம் நிரப்பும்போது சொன்னார்: "தம்பி, அங்கை எனக்கு ஒன்பது வருசச் சேவை. இங்கை நான் இண்டைக்குத்தான் பிறந்திருக்கிறன்." சேவைமூப்பு, விடுமுறை நாட்கள், தொழிற்சங்கம் இருந்திருந்தால் அதன் ஒப்பந்தம் எல்லாம் பழைய வாசலோடு நின்றுவிட்டன. எந்த வீட்டுக்கு முதலில் யாரை அனுப்புவது என்று அட்டவணை போடும்போது சேவைமூப்புத்தான் வரிசை. அவர் வரிசையின் கடைசிக்குப் போனார்.

இந்தப் போட்டியில் விலை எங்கிருந்து குறைகிறது என்று யோசித்தால் இது தற்செயல் அல்ல என்பது விளங்கும். வீட்டுப் பராமரிப்பில் இயந்திரம் இல்லை, தொழிற்சாலை இல்லை. செலவின் மிகப் பெரும் பங்கு சம்பளம். ஒரு வருகைக்கு இவ்வளவு, ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கேட்கும் போட்டியில், அடுத்த நிறுவனத்தை விட ஒரு டொலர் குறைத்து எழுதவேண்டுமானால் அந்த டொலர் சம்பளத்திலிருந்தோ, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பேருந்தில் போகும் நேரத்துக்குக் காசு கொடுக்காமல் விடுவதிலிருந்தோ, வருகை நேரத்தைச் சுருக்குவதிலிருந்தோதான் வரும். அதற்குமேல், ஒப்பந்தத்தை வென்ற நிறுவனத்துக்குக்கூட இத்தனை மணித்தியாலம் வேலை நிச்சயம் என்று சி.சி.ஏ.சி. உறுதி கொடுக்கவில்லை. வரும் நோயாளிகளில் இத்தனை பங்கு உங்களுக்கு என்றுதான் ஒப்பந்தம் சொல்லும். மேலே உறுதியில்லாதபோது கீழே முழுநேர வேலை கொடுக்க எந்த முகாமையாளருக்கும் துணிவு வராது. வேலையை ஏற்பதும் மறுப்பதும் ஊழியரின் விருப்பம் என்ற பெயரில் அக்காலத் தொழிற்சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தி, பணிநீக்கக் கொடுப்பனவு போன்றவை இல்லாமலேயே இவர்களை வைத்திருக்க முடிந்தது. மற்றத் துறைகளுக்கு முன்பே நீங்கிய அந்த விதிவிலக்கு, வீட்டுப் பராமரிப்புக்கு மட்டும் 2012 ஒக்ரோபர் வரை நீடித்தது. சம்பளம் போதாமல் ஆட்கள் வைத்தியசாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஓடியபோது, அரசே 2014இல் தலையிட்டு, பொதுப்பணத்தில் வேலை செய்யும் பி.எஸ்.டபிள்யூ. ஒருவரின் அடிப்படை ஊதியத்தை 12.50 டொலரிலிருந்து 2016க்குள் 16.50 டொலராக உயர்த்தவேண்டி வந்தது. சந்தை தீர்மானிக்கட்டும் என்று விட்ட விலையை ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து அமைச்சர் தீர்மானித்தார்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 2001இல் பண ஒதுக்கீடு போதவில்லை என்று சி.சி.ஏ.சி. சபைகள் பகிரங்கமாகப் பேசத் தொடங்கியதும், அரசு புதிய சட்டமொன்றால் அச்சபைகளுக்கு ஆட்களைத் தானே நியமிக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அதன்பின் சத்தம் குறைந்தது. லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் 2004இல் போட்டியை இடைநிறுத்தி, முன்னாள் சுகாதார அமைச்சர் எலினர் கப்ளனிடம் ஆய்வை ஒப்படைத்தது. 2005 மே மாதம் வெளிவந்த அவரது அறிக்கையில் 70 பரிந்துரைகள் இருந்தன. போட்டியைக் கைவிடும்படி அவர் சொல்லவில்லை. ஒப்பந்தக் காலத்தை நீட்டவும், பணியாளரின் நிலையை மேம்படுத்தவும், தரத்துக்குக் கூடிய இடம் கொடுக்கவும் சொன்னார். அவ்வறிக்கை எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நோயை அவர் சரியாகவே இனங்கண்டார். ஆனால் நீண்ட ஒப்பந்தமும் ஒருநாள் முடியும். முடியும் நாளில் நடப்பது அதேதான்.

2007 தொடக்கத்தில், அப்போது 42 ஆக இருந்த சி.சி.ஏ.சி.கள் 14 ஆகச் சுருக்கப்பட்டன. போட்டி மீண்டும் தொடங்கியது. ஹமில்ரனில் முதற்கட்டத் தகுதிச் சுற்றிலேயே விக்ரோறியா தாதியர் அமைப்பும் செயின்ற் ஜோசப் வீட்டுப் பராமரிப்பும் வெளியேற்றப்பட்டன. முதலாவது நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரின் வீடுகளுக்குப் போய்வந்த அமைப்பு. இரண்டாவதும் நகரத்தின் பழைய பெயர்தான். விலை உறையைத் திறக்கும் கட்டத்துக்கே அவை போகவில்லை. நோயாளிகளும் தாதியரும் தொழிற்சங்கத்தினரும் ஒன்றுகூடினார்கள், செய்தித்தாள்கள் எழுதின, 2008 ஜனவரியில் சுகாதார அமைச்சர் ஜோர்ஜ் சிமிதர்மன் மாகாணம் முழுவதிலும் போட்டியை நிறுத்தினார். அந்நிறுத்தம் தற்காலிகமானது என்றே எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் நினைத்தார்கள். எங்கள் கேள்விப்பத்திரக் கோப்புகளைப் பெட்டியில் போட்டு 'அடுத்த சுற்று' என்று எழுதி வைத்தோம். பழைய வடிவில் அந்தச் சுற்று வரவேயில்லை.

போட்டி நின்றதும் எல்லாம் சீராயிற்றா என்றால் அதுவும் இல்லை. நின்ற இடத்தில் நின்றது, அவ்வளவுதான். கடைசிச் சுற்றில் யார் என்ன விலைக்கு வென்றார்களோ அந்த விலையும் பங்கும் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாகத் தொடர்ந்தன. ஒரே சேவைக்கு ஒரு பகுதியில் ஒரு விலை, பக்கத்துப் பகுதியில் இன்னொரு விலை என்பது பல வருடம் நீடித்தது. புதிதாக ஒருவர் உள்ளே வர வழியில்லை, மோசமாகச் செய்கிறவரை வெளியே அனுப்பவும் எளிய வழியில்லை. போட்டியை எதிர்த்த என் நண்பர்கள் சிலர் இந்த உறைநிலையைப் பற்றிப் பேசாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. 2017இல் சி.சி.ஏ.சி.கள் கலைக்கப்பட்டு உள்ளூர் சுகாதார ஒருங்கிணைப்பு வலையமைப்புகளோடு சேர்க்கப்பட்டன; 2021இல் பெயர் மாறியது; 2024 யூன் இறுதியில் 'ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம்' என்ற ஒரே அமைப்பாகின. பலகைகள் மாறின. கதவைத் தட்டுகிறவர் அப்போதும் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்தான்.

மனிதரைப் பராமரிக்கும் வேலையில் போட்டி பிழைத்தாலும், கட்டுத்துணி, ஊசி, குழாய் போன்ற பொருட்களைப் போட்டியில் வாங்குவதில் சிக்கல் வரத் தேவையில்லை என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். பெட்டிக்குள் இருப்பது ஒரே பொருளாக இருந்தால் மலிவானதை வாங்குவதுதானே முறை. அதற்கும் 2024 செப்ரெம்பர் பதில் சொன்னது. அம்மாதம் 24ஆம் திகதி மருத்துவப் பொருட்களுக்கும் உபகரணங்களுக்குமான புதிய ஒப்பந்தங்கள் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தன. அடுத்த வாரங்களில், வீட்டிலேயே இறுதிநாட்களைக் கழிக்கும் நோயாளிகளுக்கு வலிமருந்து செலுத்தத் தேவையான பொருட்கள்கூட நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கேட்டது வராமல் வேறொன்று வந்தது. குடும்பங்கள் சொந்தக் காசில் வாங்கின. நிலைமையை ஏற்கமுடியாது என்று அரசே ஒப்புக்கொண்டு, அப்படிச் செலவழித்த பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மலிவான பொருள் என்பதும், அந்தப் பொருள் குறித்த இரவு எட்டு மணிக்குக் குறித்த வீட்டில் இருப்பது என்பதும் இரண்டு வேறு சரக்குகள். பழைய விநியோகக்காரரின் சாரதிக்கு எந்தக் கட்டடத்தில் மின்தூக்கி பழுது, எந்த வீட்டில் பின்கதவால் கொடுக்கவேண்டும் என்பது தெரியும். அந்த அறிவு ஒப்பந்தத்தில் இல்லை, ஆகவே புதியவரிடம் அது ஒப்படைக்கப்படவும் இல்லை.

அதே காலத்தில் எல்லைக்கு அப்பால் நியூயோர்க் மாநிலத்தில் இதைவிடத் தூய்மையான பரிசோதனை ஒன்று நடந்தது. அங்கே நோயாளியே தன் பராமரிப்பாளரைத் தெரிவுசெய்யும் திட்டம் ஒன்று, வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெய்ட்டின் கீழ் உண்டு. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். சம்பளம் போடுவது, வரி பிடிப்பது போன்ற வேலைகளைப் பார்க்க அறுநூறுக்கும் மேற்பட்ட இடைத்தரகு நிறுவனங்கள் இருந்தன. இத்தனை நிறுவனம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. 2024 ஏப்ரலில் வரவுசெலவுத் திட்டத்தோடு ஒரே நிறுவனமே போதும் என்று சட்டமாக்கி, போட்டி வைத்து, செப்ரெம்பர் இறுதியில் ஒன்றைத் தெரிவுசெய்து, 2025 ஏப்ரல் 1ஆம் திகதிக்குள் எல்லாரும் அதற்கு மாறவேண்டும் என்றார்கள். இங்கே பராமரிப்பாளர் மாறவில்லை, நோயாளி மாறவில்லை, சேவை மாறவில்லை. சம்பளச்சீட்டு அச்சாகும் இடம் மட்டுமே மாறியது. அதற்கே காலக்கெடு நீதிமன்றம் வரை போய் நீட்டிக்கப்பட்டது, பதிவு முடியாமல் ஆயிரக்கணக்கானோர் தடுமாறினார்கள், வேலை செய்த வாரத்துக்குச் சம்பளம் வரவில்லை என்ற முறைப்பாடுகள் குவிந்தன. பெரும்பாலும் பெண்களான, குடியேறிகளான அந்தப் பணியாளர்களிடம் ஒரு மாதச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்கும் சேமிப்பு இல்லை.

மனிற்றோபாவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே இதே கேள்விக்குக் காசுக் கணக்காகவே பதில் கிடைத்தது. ஒன்ராறியோ சி.சி.ஏ.சி.களை அறிவித்த அதே 1996இல் அம்மாகாண அரசும் வீட்டுப் பராமரிப்பைத் தனியாரிடம் விடப் புறப்பட்டது. பணியாளர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பின்வாங்கி, வினிப்பெக்கின் ஒரு பகுதியில் மட்டும் பரீட்சார்த்தமாக ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. எதிர்பார்த்த சேமிப்பு கிடைக்காததால் அவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கொள்கைக்காகக் கைவிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கணக்குப் பார்த்தார்கள், மிச்சம் இல்லை, விட்டுவிட்டார்கள். நாங்கள் அப்படியொரு சிறு பரீட்சை வைக்காமல் மாகாணம் முழுவதையும் ஒரே முறைக்குள் இறக்கினோம்.

என்னைக் கேட்டால், போட்டி வேண்டுமா வேண்டாமா என்று ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டிய கேள்வியாக இதை நான் பார்ப்பதில்லை. போட்டி வைப்பதானால் மாற்றத்தின் செலவைக் கேள்விப்பத்திரத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். தற்போது சேவை வழங்குபவரை நீக்கிப் புதியவரைக் கொண்டுவரும் தெரிவுக்கு, இரு நிறுவனங்களும் சேர்ந்து போகும் வருகைகளுக்கான பணத்தையும் சேர்த்தே விலையாகக் கணக்கிடவேண்டும். நோயாளியின் கோப்பு நிறுவனத்தின் சொத்தாக இல்லாமல் நோயாளியோடு நிற்கவேண்டும். ஒரு வட்டாரத்தை ஒரே நாளில் கைமாற்றாமல், புதிதாக வருகிற நோயாளிகளை மட்டும் புதிய நிறுவனத்துக்குக் கொடுத்து, பழையவர்களைப் பழைய தாதியோடு முடிக்கவிடவேண்டும். மெதுவாக நடக்கும், ஆனால் எவருடைய புண்ணும் அதனால் பெரிதாகாது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பராமரிப்பை, வைத்தியசாலைகளும் வைத்தியர்களும் பிற சேவை நிறுவனங்களும் சேர்ந்து இயங்கும் ஒன்ராறியோ சுகாதாரக் குழுக்களின் பொறுப்புக்கு நகர்த்த வழி செய்திருப்பதால், ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுதும் வேலை எப்படியும் இருக்கிறது. இவற்றைச் சேர்ப்பதற்கு அதைவிட வசதியான சமயம் கிடைக்காது.

பணியாளரின் சேவைமூப்புக்கோ புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் ஒரு கட்டடத்தைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால், புதிய நிறுவனம் பழைய ஊழியரை எடுத்துக்கொள்ளும்போது அவரது பழைய சேவைக்காலத்தையும் ஏற்கவேண்டும் என்று தொழிற்தரச் சட்டம் சொல்கிறது. 2017இல் அவர்களுடைய தொழிற்சங்க ஒப்பந்தமும் கூடவே தொடரும்படி சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் வெளிவந்த அரசின் சொந்த ஆய்வறிக்கை, பொதுப்பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் அதே பாதுகாப்பைப் பரிந்துரைத்திருந்தது. திருத்தத்தில் வீட்டுப் பராமரிப்பின் பெயர் இடம்பெறவில்லை; பொதுப்பணம் பெறும் மற்றச் சேவைகளுக்கும் பின்னர் ஒழுங்குவிதி மூலம் விரிவாக்கலாம் என்ற அதிகாரம் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஒழுங்குவிதியை எவரும் எழுதுமுன், 2018இல் வந்த அடுத்த அரசு அந்த அதிகாரத்தையும் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. துப்புரவுப் பணியாளருக்கான பாதுகாப்பு அப்படியே இருக்கிறது.